சுமந்த கப்பல்

பெரம்பலூரும் அரியலூரும் கடலுக்குத் தொலைவில் உள்ள ஊர்கள். அங்கு அலையோசை கேட்பதில்லை, உப்புக்காற்று வீசுவதில்லை. கரிசல் மண்ணும், சோளமும், வரகும், பருத்தியுமே அந்நிலத்தின் காட்சிகள். எனினும், அந்நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் தோண்டுவோர், கல்லோடு கல்லாய் இறுகிப்போன சங்குகளையும் சிப்பிகளையும் காண்கின்றனர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள பெருமரம் ஒன்று கல்லாக மாறிக் கிடக்கின்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடமெல்லாம் கடலாய் இருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

கடல் பின்வாங்கிச் சென்ற பிறகும், அந்நிலத்து மக்களை அது விட்டுவிடவில்லை. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் முதலாம் இராசேந்திரன். கி.பி. 1025-ஆம் ஆண்டையொட்டி அவனுடைய படை கடல் கடந்து சென்று கடாரத்தை வென்றது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா நாடு. பல கலங்களைக் கடல் நடுவே செலுத்தி அவ்வெற்றியைப் பெற்றான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. வென்ற ஊர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. தோற்ற மன்னனின் பெயரும் வருகின்றது. ஆயின், அப்படையைச் சுமந்து சென்ற கலங்களுள் ஒன்றன் பெயரேனும் அதில் இல்லை. பாய் விரித்தவர் யார், துடுப்பு வலித்தவர் யார் என்பதும் அதில் இல்லை.

வென்றவரை நினைப்பதும், சுமந்தவரை மறப்பதும் உலகத்தின் பழைய வழக்கம். இவ்வழக்கம் நேரியது அன்று. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், அதே கடல்வழியில், அதே நிலத்து மக்களைச் சுமந்து சென்ற வேறொரு கப்பலின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அக்கப்பலின் பெயர் ‘ரஜூலா’.

ரஜூலா 1926-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில், பார்க்ளே கர்ல் என்னும் கப்பல்கட்டும் நிறுவனத்தாரால் கட்டப்பெற்றது. அதன் எடையளவு ஏறத்தாழ 8,500 டன். நீராவியால் இயங்கும் இரட்டைச் சுழல்விசிறிகள் அதனை உந்திச் சென்றன. அதனோடு ஒத்த அமைப்புடைய மற்றொரு கப்பலும் அதே ஆண்டில் இங்கிலாந்தில் உருவாயிற்று. அதன் பெயர் ‘ரோனா’. இவ்விரண்டையும் உடன்பிறந்த கப்பல்கள் என்று கூறுதல் கப்பல் உலகின் மரபு. இரண்டுக்கும் உரிமை பூண்டது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம்.

இந்நிறுவனத்தின் பெயர் தமிழ்நாட்டு மாணவருக்குப் புதியது அன்று. 1906-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இவ்வெள்ளையர் நிறுவனத்தை எதிர்த்தே ஆகும். அப்போட்டியில் ஆட்சியின் கை யார் பக்கம் நின்றது என்பதையும், சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த கொடுமையையும் நாடு அறியும். ஆகவே, ரஜூலாவின் கொடியைப் போற்றுவதற்குத் தமிழருக்கு எக்காரணமும் இல்லை. போற்றத்தக்கது எது என்பதைப் பின்னர்க் காணலாம்.

சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய துறைகளைத் தொட்டுச் சிங்கப்பூரை அடைவதே ரஜூலாவின் வழி. போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படுகின்றது. பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணைய ஆழம் போதாது. ஆதலால், கப்பல் கடலில் நிற்கும். மக்கள் படகுகளில் சென்று ஏறுவர். கடலையே முன்பின் கண்டிராத குடியானவர் ஒருவர், ஆடும் படகிலிருந்து அசையும் ஏணியில் கால் வைக்கும் அந்நொடியில் அவர் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அன்றி, அப்பயணத்தின் தன்மை விளங்காது.

கப்பலில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்தன. அவற்றில் இடம் பெற்றோர் மிகச் சிலர். மற்றவர் அனைவரும் தளப் பயணிகள். அவர்களுக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. தளத்தில் பாயை விரித்த இடமே வீடு, தகரப்பெட்டியே தலையணை. தொடக்கத்தில் ரஜூலாவுக்கு வழங்கப்பெற்ற சான்றிதழ், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல இடமளித்தது. உலகில் இத்துணைப் பெருந்தொகையான பயணிகளை ஏற்ற உரிமை பெற்ற கப்பல்கள் மிகச் சிலவே. இவ்வெண்ணைக் கண்டு சிலர் வியப்பர். ஆனால், வியப்புக்கு முன் வரவேண்டியது வருத்தம். சரக்கை மூட்டைக் கணக்கில் அடுக்குவது போல, மனிதரைத் தலைக்கணக்கில் அடுக்கும் மனப்பான்மை அவ்வெண்ணில் இருக்கின்றது.

அவ்வாறு சென்றவர் யாவர்? மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு முதலியன குறிப்பிடத்தக்கவை. அந்நாளில் பெரம்பலூரும், அரியலூரும், உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். மழையை நம்பிய மேட்டுநிலம் அது. மழை பொய்த்தால் நிலம் பொய்க்கும். நிலம் பொய்த்தால் கடன் பெருகும். அந்நிலையில் கங்காணி வருவார். காதில் கடுக்கனும் கையில் கடிகாரமும் துலங்க, தோட்டத்துப் பெருமையை எடுத்துரைப்பார். முன்பணம் தருவார். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அண்மையில் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தொழிலாளர் தங்கவைக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டனர். மறுகரையில், நோய் பரவாதபடி தனித்து வைக்கும் நிலையங்களில் சில நாள் கழித்த பின்னரே தோட்டத்துக்குச் செல்லலாயினர்.

இவ்வாறு சென்றவர் தொகை சிறிதன்று. 1931-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி மலாயாவில் வாழ்ந்த இந்தியர் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். இரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் அவருள் பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை உயர்ந்தபோது மீண்டும் அழைக்கப்பட்டனர். கூலித் தொழிலாளரைத் தோட்டங்களுக்கு அனுப்புவதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்தது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அவர்களைச் சுமந்தவை இத்தகைய கப்பல்களே.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியாவின் படை விரைந்து பெருகி, போர் முடிவதற்குள் இருபத்தைந்து லட்சம் என்னும் அளவை எட்டியது. அப்படைகள் எகிப்துக்கும், ஈராக்குக்கும், மலாயாவுக்கும், இத்தாலிக்கும் செல்லவேண்டியிருந்தன. இத்துணைப் பேரை ஏற்றிச் செல்லப் போர்க்கப்பல்களால் இயலாது. போர்க்கப்பல் பீரங்கிகளுக்காகக் கட்டப்படுவது. அதில் படைவீரர் நிரம்பத் தங்க இடமில்லை. ஆகவே, பயணிகள் கப்பல்களை அரசு எடுத்துக்கொண்டது. ரஜூலாவும் ரோனாவும் படைவீரரைச் சுமக்கும் கப்பல்கள் ஆயின. கூலிகளை நெருக்கி ஏற்றப் பழகிய தளங்கள், வீரர்களை நெருக்கி ஏற்றவும் பொருத்தமாக அமைந்தன.

படை சுமக்கும் கப்பலின் வாழ்க்கை கடினமானது. அதன் வெளிப்புறம் கடலின் நிறத்தோடு ஒத்துப்போகுமாறு சாம்பல் வண்ணம் பூசப்படும். தற்காப்புக்கெனச் சில பீரங்கிகள் பொருத்தப்படும். இரவில் ஒரு விளக்கும் வெளியே தெரிதல் ஆகாது. தளத்தில் நின்று சுருட்டுப் பற்றவைப்பதும் குற்றம். கப்பல்கள் தனித்துச் செல்லாமல் அணியாகச் செல்லும். அணியின் விரைவு அதில் உள்ள மிக மெதுவான கப்பலின் விரைவே ஆகும். நீர்மூழ்கிகளின் குறியைத் தவறச்செய்ய, நேர்வழியை விட்டு அடிக்கடி வளைந்து வளைந்து செல்லவேண்டும். போர்க்கப்பல் பகைவனைத் தேடிச் செல்வது. படை சுமக்கும் கப்பலோ பகைவனுக்குத் தப்பிச் செல்வது. முன்னதற்குத் துணிவு வேண்டும் என்பர். பின்னதற்குப் பொறுமையோடு கூடிய துணிவு வேண்டும்.

அத்துணிவு தளத்தில் இருந்தவர்க்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக் கப்பல்களில் அதிகாரிகள் வெள்ளையர். உழைத்த மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர். இவர்களை ‘லஸ்கர்’ என்று அழைத்தனர். நிலக்கரி எரிக்கும் நீராவிக் கப்பல்களில், கொதிகலன் அறை நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கும். அங்கே அனலின் முன் நின்று, மண்வாரியால் கரியை அள்ளி இடுபவன் வெளியே பகலா இரவா என்பதையும் அறியான். கப்பலைத் தாக்கும் குண்டு பெரும்பாலும் முதலில் துளைப்பது அவன் நிற்கும் இடத்தை. அவன் ஏணியில் ஏறித் தளத்தை அடைவதற்குள் கடல் உள்ளே வந்துவிடும். அவன் போர்வீரன் அல்லன். போர்வீரனுக்குரிய பதக்கத்தை அவன் எதிர்பார்க்கவும் இல்லை. எனினும், போர்வீரன் அடைந்த இடர் யாவற்றையும் அவனும் அடைந்தான்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தபாரு கரையில் இறங்கியது. அத்திங்கள் முடிவதற்குள் பினாங்கு வீழ்ந்தது. சிங்கப்பூரைக் காக்க இந்தியாவிலிருந்து படைப்பிரிவுகள் கப்பல்களில் விரைந்து அனுப்பப்பட்டன. அவற்றுள் சில, 1942 ஜனவரியில் கரையிறங்கி, ஒரு திங்கள் முடியுமுன் பகைவர் கையில் சிக்கின. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் பணிந்தது. நாற்பதாயிரம் அளவினரான இந்திய வீரர்கள் அங்கே சிறைப்பட்டனர். அவருள் பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தோட்டத்துத் தமிழரும் அப்படையில் சேர்ந்தனர். கூலி வேலைக்காகக் கப்பலேறிப் போனவர், நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தும் நிலை வந்தது.

சிங்கப்பூர் வீழ்ந்ததும் ரஜூலாவின் பழைய வழி அடைபட்டது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படை வங்கக்கடலில் புகுந்து, சில நாட்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கொழும்பும், திரிகோணமலையும், விசாகப்பட்டினமும், காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் ஊரை விட்டு ஓடினர். மூன்றரை ஆண்டுக்காலம் மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கப்பல் இல்லை, பணவிடை இல்லை. கணவன் உயிருடன் உள்ளானா என்பதை அறியாத மனைவி, தாலியோடு இருப்பதா, இல்லையா என்று கலங்கிய காலம் அது. அக்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அவ்வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். காட்டுக் காய்ச்சலாலும், வாந்திபேதியாலும், பட்டினியாலும் அவர்கள் மாண்டனர். அவருள் எத்தனையோ பேருக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

ரஜூலா பிழைத்தது. ரோனாவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1943-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் மாலை, ரோனா அல்ஜீரியக் கரையை ஒட்டி, மத்தியதரைக்கடலில் அணியோடு சென்றுகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படைவீரர் இருந்தனர். அவர்கள் வந்துகொண்டிருந்த இடம் இந்தியா. ஜெர்மானிய விமானம் ஒன்று இறக்கையுடைய குண்டு ஒன்றை ஏவியது. அது விழும் குண்டு அன்று. வானொலி அலையால் வழிகாட்டப்பட்டுப் பறந்து வரும் குண்டு. அக்காலத்துக்கு அது புதிய கருவி. குண்டு கப்பலின் பக்கத்தைத் துளைத்து உள்ளே வெடித்தது. உயிர்காக்கும் படகுகள் பல சிதைந்தன. பலவற்றை நீரில் இறக்க இயலவில்லை. கடல் கொந்தளித்தது, இருள் சூழ்ந்தது. பயோனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் 606 பேரைக் கரையேற்றியது. இறந்தவர் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டவர்.

கருவியின் வலிமையைப் பகைவன் அறியலாகாது என்று கருதி, அச்செய்தியை அமெரிக்க அரசு மறைத்தது. போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் முழுச்செய்தி வெளிவரவில்லை. இறந்தவரின் பெற்றோர், தம் மைந்தர் எங்கே, எவ்வாறு மாண்டனர் என்பதை அறியாமலேயே மறைந்தனர். 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களின் தியாகத்தைப் போற்றித் தீர்மானம் இயற்றியது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தாலும், கடமையை அந்நாடு ஒருவாறு நிறைவேற்றியது எனலாம்.

ஆனால், ரோனாவில் மாண்டவர் அமெரிக்கர் மட்டும் அல்லர். கப்பலைச் செலுத்திய மாலுமிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் அன்று உயிர் நீத்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களைப் பற்றி இந்தியாவில் எத்தனை பேர் அறிவர்? அவ்வுலகப் போரில் வணிகக் கப்பல்களில் பணிபுரிந்து உயிர் துறந்த இந்திய மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள், மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பதிவேடுகளில் எழுதப்பட்டுள்ளன. பதிவேடு இருக்கின்றது, அதைத் திறந்து பார்ப்பவர் அரியர். மூடிய ஏட்டில் இருக்கும் பெயர், மறந்த பெயருக்குச் சற்றே மேலானது.

போர் முடிந்த பின் ரஜூலா சாம்பல் வண்ணம் களைந்து, தன் பழைய வழிக்குத் திரும்பியது. மறுகரையில் தவித்தவர் அதில் ஏறி ஊர் திரும்பினர். இறந்தவரின் செய்தியும் அதிலேயே வந்தது. 1947-ஆம் ஆண்டில் இந்தியாவும், 1957-ஆம் ஆண்டில் மலாயாவும் விடுதலை பெற்றன. கப்பல் ஒன்றே, அதன் பயணிகளோ மாறினர். கூலிகளாகச் சென்றவரின் மக்கள் ஆசிரியராகவும், வணிகராகவும், எழுத்தராகவும் அதே தளத்தில் பயணம் செய்தனர். பெண் பார்க்கவும், குலதெய்வத்துக்குப் படையலிடவும், முதியோரைக் கடைசி முறையாகக் காணவும் வந்து சென்றனர். ஏறிய தளம் ஒன்றாயினும், ஏறியவரின் தலை நிமிர்ந்திருந்தது.

1973-ஆம் ஆண்டில் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை விலைக்கு வாங்கி, அதற்கு ‘ரங்கத்’ என்று பெயரிட்டது. ரங்கத் அந்தமானில் உள்ள ஓர் ஊர். அடுத்த ஆண்டிலேயே, மும்பையில், கப்பல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டு உழைத்த உடல் அவ்வாறு ஓய்ந்தது. அதன் வழியில் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் ஓடியது. 1985-ஆம் ஆண்டில் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதனுடன் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பலின் காலமும் முடிந்தது. இன்று விமானம் நான்கு மணி நேரத்தில் அக்கடலைக் கடந்துவிடுகின்றது.

ரஜூலாவை ஏன் நினைக்கவேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணுமுன், வேறொரு கப்பலை நினைத்துப் பார்த்தல் நன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு வந்தது. எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. சில குண்டுகளை ஊருக்குள் எறிந்தது. அரைமணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அந்த அரைமணி நேரம் தமிழ்மொழியில் நிலைத்துவிட்டது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைத் தமிழர் இன்றும் ‘எம்டன்’ என்கின்றனர். சென்னை உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கு நினைவுக்கல்லும் உண்டு. ரஜூலாவோ நாற்பத்தேழு ஆண்டுகள் தமிழரைச் சுமந்தது. ஒரு தலைமுறையை ஏற்றிச் சென்று, அடுத்த தலைமுறையைத் திருப்பிக் கொணர்ந்தது. அதன் பெயரைச் சில முதியோர் தவிர இன்று எவரும் கூறுவதில்லை. அழித்தது நினைவில் நிற்க, சுமந்தது மறைந்துபோவது நினைவுக்கு அழகாகுமா?

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. “அது அந்நியர் கப்பல், சிதம்பரனாரை ஒடுக்கிய நிறுவனத்தின் உடைமை, ஏழைகளை நெருக்கி ஏற்றிப் பொருள் ஈட்டியது, பேரரசின் போருக்குத் துணைநின்றது. அதனைப் போற்றுவது அடிமைத்தனத்தைப் போற்றுவதாகாதா?” என்று அவர்கள் வினவுவர். வினா நியாயமானதே. கப்பலின் உரிமையாளரைப் போற்றுமாறு எவரும் கேட்கவில்லை. இலாபம் அவர்களுடையது, அதனை அவர்கள் அன்றே பெற்றுக்கொண்டனர். ஆனால், அத்தளத்தில் விரிக்கப்பட்ட பாய் தமிழருடையது. கொதிகலன் முன் சிந்திய வியர்வை இந்தியருடையது. கரையில் நின்று அழுத தாயும் இந்நாட்டவள். நிறுவனத்தின் மீதுள்ள வெறுப்பால் கப்பலை மறந்தால், உடன் மறைவது நிறுவனம் அன்று, ஏறிச் சென்றவரே. நினைத்தல் வேறு, புகழ்தல் வேறு. சுதேசிக் கப்பலைப் பெருமையோடு நினைக்கலாம். ரஜூலாவைப் பொறுப்போடு நினைக்கவேண்டும்.

“போரைப் பற்றிய பேச்சு எதற்கு? அது வீரர் செய்தி. மற்றவருக்கு அதில் என்ன பங்கு?” என்பார் வேறு சிலர். போர் என்பது துப்பாக்கி முனையில் மட்டும் நடப்பதன்று. வீரன் ஒருவன் களத்தில் நிற்க, அவனைக் கொண்டுசேர்த்தவர், அவனுக்குச் சோறு சமைத்தவர், அவனுடைய கப்பலுக்குக் கரியிட்டவர் எனப் பலர் உழைக்கவேண்டும். நடுகல் நட்டு வழிபட்ட நாடு இது. ஊரைக் காத்து விழுந்தவனுக்குக் கல் நாட்டிய முன்னோர், அக்கல்லில் அவன் பெயரையும், அவன் செய்த செயலையும் பொறித்தனர். கடலில் விழுந்தவனுக்குக் கல் நாட்ட இடமில்லை. அதனாலேயே அவனுக்கு ஏட்டில் இடம் தருதல் வேண்டும்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிற்றுயிரின் ஓடு அங்கே கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகின்றது. அது தக்கதே, அறிவை வளர்ப்பதே. ஆனால், அதே மாவட்டத்து வீடுகளில், பாட்டனார் கடல் கடந்து சென்றபோது பெற்ற பயணச்சீட்டும், கடவுச்சீட்டும், தோட்டத்திலிருந்து எழுதிய கடிதமும் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாகின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அவை குப்பையோடு குப்பையாய் எரிக்கப்படுகின்றன. சிப்பியின் வரலாற்றுக்குப் பேழை உண்டு. சொந்தப் பாட்டனாரின் வரலாற்றுக்கு ஒரு பெட்டியும் இல்லை என்றால், அது கல்வி நிறைந்த நாட்டின் அடையாளம் ஆகாது.

இக்குறையை நீக்குவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் முதியோரை அணுகி, குடும்பத்தில் எவரேனும் மலாயாவுக்கோ, சிங்கப்பூருக்கோ, போர்க்களத்துக்கோ சென்றதுண்டா என்று கேட்டறியலாம். சென்றவர் பெயர், சென்ற ஆண்டு, ஏறிய துறை, திரும்பிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். திரும்பாதவர் பெயரை மறவாமல் எழுதவேண்டும். கடிதமும் சீட்டும் இருப்பின், அவற்றைப் படமெடுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். ஒரு வகுப்பு ஓராண்டு முயன்றால் ஓர் ஊரின் வரலாறு எழுந்துவிடும். முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஆதலால், இப்பணி காலங்கடத்தத்தக்கது அன்று.

இராசேந்திரனின் கலங்களைச் செலுத்தியவர் பெயரை இனி எவரும் கண்டறிய இயலாது. அந்த இழப்பு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதற்கு இன்றுள்ளோர் பொறுப்பாளர் அல்லர். ஆனால், ரஜூலாவில் ஏறியவரின் பெயரைக் கண்டறிய இன்னும் சிறிது காலம் எஞ்சியுள்ளது. அக்காலத்தை வீணே கழியவிட்டால், அந்த இழப்புக்கு இன்றுள்ளோரே பொறுப்பாளர் ஆவர். ஐயாயிரம் பேரை ஏற்றிய கப்பல் என்று எண்ணிக்கை கூறுவதோடு நின்றுவிடாமல், அந்த ஐயாயிரவருள் ஒருவரது பெயரையேனும் மீட்டுத் தருபவன் வரலாற்றுக்குத் தொண்டு செய்தவன் ஆவான். கப்பல் அவர்களைச் சுமந்தது ஒரு வாரம். அவர்களின் நினைவைச் சுமக்கும் கடமை அவர்தம் வழித்தோன்றல்களுக்கு என்றும் உரியது.